ஆணி இல்லாத வேலை

ரவுட்டர் வாங்கியிருக்கேன்னு ஆபீஸ்ல சொன்னதும் பக்கத்து சீட் நண்பர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஆன்டெனா?" என்பதுதான். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நம்ம பிழைப்பு அப்படி. நான் வாங்கினது வீட்டுக்கு நெட் கொடுக்கிற டப்பா இல்லீங்க. நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்துக்கு மேல சுத்தி மரத்தைக் குடையுற மெஷின். ரெண்டு பக்கமும் கைப்பிடி, நடுவுல மோட்டார், அடியில ஒரு பிட். அமுக்கினா பிட் மரத்துக்குள்ள இறங்கும், விட்டா மேல வந்துடும்.

பதிவுலகத்துல ஆபீஸ் வேலைக்கு ஆணி புடுங்குறதுன்னு பேரு. கொஞ்ச நாளா ஆணி ரொம்ப அதிகம். அதுக்கு நடுவுல லீவு போட்டு ஊருக்குப் போய், ஒரு ஆணிகூட இல்லாம ஒரு பெஞ்சு செஞ்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் இடையில. செம்மண் பூமி. தென்னை, பலா, வாழை, பூ. பலாப்பழம்னா எல்லாரும் பண்ருட்டியைத்தான் சொல்வாங்க. எங்க பக்கம் வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம்னு ஒரு சுத்து வந்தீங்கன்னா அந்தப் பேச்சை நிறுத்திடுவீங்க. எங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒரு பலா நின்னுச்சு. தாத்தா வச்சது. நான் சைக்கிள் பழகி முதல்ல மோதினது அந்த மரத்துலதான்.

2018 நவம்பர் 16. கஜா. ராத்திரியோட ராத்திரியா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, விடியறதுக்குள்ள டெல்டாவையும் எங்க மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போயிடுச்சு. நான் அப்ப காலேஜ் கடைசி வருஷம், ஹாஸ்டல்ல இருந்தேன். வீட்டுக்கு போன் போகல. ஒருவழியா ஊர் வந்து சேர்ந்தப்ப ரோடு தெரியல, மரம்தான் தெரிஞ்சுது. தென்னை எல்லாம் ஒரே திசையில சாஞ்சு, தலை வாரி விட்ட மாதிரி கிடந்துச்சு. கொல்லைக்குப் போனா பலா வேரோட பேந்து மல்லாந்து கிடக்கு. அப்பா அது பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டார். வேற ஒண்ணும் பேசல.

அதுக்கப்புறம் வியாபாரிங்க வந்து விழுந்த மரத்தை எல்லாம் வந்த விலைக்கு அள்ளிக்கிட்டுப் போனாங்க. அப்பா தென்னையைக் கொடுத்தார். பலாவின் கிளைகளையும் கொடுத்தார். அடிமரத்தை மட்டும் கொடுக்கல. 2019 ஆரம்பத்துல டிராக்டர்ல ஏத்தி, மில்லுல கொடுத்துப் பலகையா அறுத்து, மாட்டுக் கொட்டகைப் பரண்ல நடுநடுவுல குச்சி கொடுத்து அடுக்கி வச்சுட்டார். எதுக்குன்னு யாரும் கேட்கல. அவரும் சொல்லல. அந்த மரத்தைப் பத்தி எங்க வீட்டுல பேச்சே நின்னு போச்சு.

பலா மரம் பழத்தோட முடிஞ்சு போற மரம் இல்லை. தஞ்சாவூர் வீணை பலாமரத்துல செய்யறது. 2013ல புவிசார் குறியீடு வாங்கின வீணை அது. மிருதங்கத்துக்கும் பலாதான். புதுசா இழைச்சா மஞ்சள் அரைச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கும். வருஷம் போகப் போக வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, அப்புறம் நல்ல பழுப்பாயிடும்.

போன தடவை ஊருக்குப் போனப்போ பரண்ல எலி பிடிக்க ஏறினேன். பலகை அப்படியே இருந்துச்சு. தூசியைத் துடைச்சு நகத்தால கீறினேன். உள்ளே மஞ்சள். அப்பதான் தோணுச்சு. அப்பா சாயங்காலம் திண்ணையில ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். அந்தச் சேருக்கு ஒரு கால் ஏற்கனவே விரிசல். இந்த மரத்துல ஒரு பெஞ்சு செஞ்சா என்ன?

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ஆசாரியை ஒரு வார்த்தை கேட்டுக்க"ன்னார்.

எங்க ஊர் ஆசாரி ஐயாவுக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. எங்க வீட்டு நிலைக்கதவு அவர் கை வேலை. இப்ப கை நடுங்குது, கண்ணும் பத்தலை, வேலையை விட்டுட்டார். விஷயத்தைச் சொன்னதும், "ஆணி அடிக்கப் போறீங்களா, பொருத்துப் போடப் போறீங்களா தம்பி?"ன்னு கேட்டார். பொருத்துன்னு சொன்னேன். அவர் முகத்துல ஒரு சிரிப்பு.

பொருத்துன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு கட்டையில துளை. இன்னொரு கட்டையோட முனையில அந்தத் துளைக்குள்ள போற மாதிரி ஒரு நாக்கு. ரெண்டையும் சொருகினா நிக்கும். இங்கிலீஷ்ல மார்ட்டைஸ் அன்ட் டெனன்னு சொல்றது இதைத்தான். இந்தப் பதிவு முழுக்கத் துளை, நாக்குன்னே சொல்றேன், உங்களுக்கும் சுலபம் எனக்கும் சுலபம். உங்க வீட்டு வாசல் நிலையை உத்துப் பாருங்க. நிக்கிற கட்டையும் படுத்த கட்டையும் சேர்ற இடத்துல இதுதான் இருக்கும். எங்க மாவட்டத்துலயே கடியாபட்டி, ராயவரம் பக்கம் செட்டிநாட்டு வீடுகள்ல பர்மாத் தேக்குல இருக்கிற பெரிய பெரிய நிலைகளும் இந்த வேலைதான். ஜெர்மனியில லைப்சிக் பக்கம் ஒரு பழைய கிணறு கண்டுபிடிச்சாங்க. ஓக் மரத்தைக் கல் உளியால செதுக்கி, துளை போட்டு, நாக்கு விட்டு, ஆப்பு அடிச்சு உள்சுவர் கட்டியிருக்காங்க. 2012ல வெளியான ஆய்வுப்படி அதுக்கு வயசு ஏழாயிரம் வருஷத்துக்கும் மேல. இரும்பே இல்லாத காலம். அதை விடுங்க, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நான், முதல் வருஷ லேப்ல ஒரு டி ஜாயின்ட் போட்டேன். போட்டேன்னு சொல்றதைவிட, முந்தின பேட்ச் போட்டு வச்சதைக் காட்டினேன் :-)

சரி, வேலைக்கு வருவோம். பெஞ்சுக்கு நாலு கால், ரெண்டரை அங்குலச் சதுரம். மேல பலகையைத் தாங்க நாலு பக்கமும் ஒன்றரை அங்குலத் தடிமன்ல சட்டம். கீழே ரெண்டு அகலப் பக்கத்துலயும் காலுக்குக் கால் ஒரு குட்டைச் சட்டம், அந்த ரெண்டையும் இணைச்சு நடுவுல ஒரு நீளச் சட்டம். எண்ணிப் பார்த்தா 14 பொருத்து. உளியும் கொட்டாப்புளியும் வச்சு ஒரு துளை போட நல்ல நாள்லயே தனக்கு அரைமணி ஆகும்னார் ஆசாரி ஐயா. எனக்கு அரைநாள் ஆகும், அதுவும் விரல் மிச்சமிருந்தா. அதனாலதான் ரவுட்டர்.

செய்யணும்னு ஆசை இருக்கிறவங்களுக்காக முறையைச் சொல்லிடறேன். நாக்கோட தடிமன், சட்டத்தோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு. என் சட்டம் 38 மில்லிமீட்டர், அதனால 12 மில்லிமீட்டர் பிட். சுருள் சுருளா இருக்கிற, தூளை மேல தள்ளுற பிட் வாங்குங்க. சாதா பிட் போட்டா தூள் துளைக்குள்ளயே அடைஞ்சு சூடாகி மரம் கருகும். பிட் மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிடணும். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. பிட்டை அடிவரைக்கும் தள்ளி இறுக்காம ரெண்டு மில்லி வெளியே இழுத்து இறுக்கணும், அப்பதான் பிடி விடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு மாஸ்க். மூணும் இல்லாம சுவிட்சைத் தொடாதீங்க.

ரவுட்டர்ல ஓரமா ஒரு கைடு இருக்கும். அது மரத்தோட பக்கத்தை உரசிக்கிட்டே போறதாலதான் துளை நேரா வரும். கைடு நமக்கு வலப்பக்கம் இருக்க, ரவுட்டரை நம்மைவிட்டு முன்னாடி தள்ளணும். பிட் சுத்துற வேகத்துல மெஷின் இடப்பக்கம் இழுக்கும், அந்த இழுப்புல கைடு மரத்தோட ஒட்டிக்கும். மாத்தித் தள்ளினா கைடு விலகித் துளை பாம்பு மாதிரி போகும். கால் ஒடுக்கமா இருக்கிறதால மெஷின் ஆடும், அதனால இன்னொரு காலையும் பக்கத்துல வச்சு சேர்த்து கிளாம்ப் போட்டா மேடை அகலமாயிடும். முதல்ல துளையோட ரெண்டு முனையிலயும் நேரா இறக்கணும். அப்புறம் நடுவுல இருக்கிறதை மூணு மூணு மில்லியா எடுக்கணும். ஒரே இறக்குல முப்பது மில்லி எடுக்கலாம்னு நினைச்சா பிட் உடையும், இல்லேன்னா நெஞ்சு உடையும்.

முதல் துளை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. சுவர் ரெண்டும் கண்ணாடி மாதிரி. ஆசாரி ஐயா பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தவர், எழுந்து வந்து உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா என்ன தம்பி, முனை ரெண்டும் மாத்திரை மாதிரி உருண்டையா இருக்கு?"

சுத்துற பிட்டால சதுர மூலை எடுக்க முடியாது. துளையோட மூலையை உளியால சதுரமாக்கணும், இல்லேன்னா நாக்கோட மூலையை அரத்தால உருட்டணும். நான் ரெண்டாவதை எடுத்தேன். 14 நாக்கு, ஒண்ணுக்கு நாலு மூலை, ஆக 56 மூலை. அரம் தேய்ச்சுத் தேய்ச்சு மவுஸ் பிடிக்கிற கை மூணு நாளைக்கு வேலைநிறுத்தம்.

நாக்கு எப்ப சரியா இருக்குன்னு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். கையால அழுத்தினா உள்ளே போகணும், தலைகீழா கவுத்தா விழக்கூடாது. சுத்தியல் தேவைப்பட்டா நாக்கு தடிமன் அதிகம், தட்டினா கால் பிளக்கும். தானா விழுந்தா பசை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டிருக்கும், மரம் பிடிக்காது.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அன்னிக்கு மதியம் ஆசாரி ஐயா சாப்பிடப் போனார். நான் வேகத்துல இருந்தேன். முதல் கால் அச்சு அசலா வந்திருந்துச்சு. அதையே மாதிரியா வச்சு அளவெடுத்து மத்த மூணு காலுக்கும் கோடு போட்டு, ஒரே மூச்சுல எல்லாத் துளையும் போட்டு முடிச்சேன். மணி மூணு. நமக்குப் பழக்கமான வேலைதானே, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி.

எல்லாத்தையும் சும்மா சொருகிப் பார்க்கலாம்னு நிறுத்தினேன். மேல் சட்டம் நாலும் உட்கார்ந்துச்சு. கீழ்ச் சட்டத்தை எடுத்தேன். ஒரு முனை போச்சு. இன்னொரு முனைக்குத் துளையே இல்லை. துளை பக்கத்து முகத்துல, நீளவாக்குல தூரத்துக் காலைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. பெஞ்சோட நாலு காலும் ஒரே கால் இல்லை. நம்ம கை மாதிரி, இடது ரெண்டு, வலது ரெண்டு. மூலைக்கு மூலை எதிர்ல இருக்கிறதுதான் ஒரே மாதிரி, பக்கத்துல இருக்கிறது கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கணும். நான் நாலும் இடது காலாச் செஞ்சு வச்சிருக்கேன். அளவு ஒண்ணுகூடத் தப்பில்லை. எல்லாமே அரை மில்லிக்குள்ள. ரெண்டு காலோட கீழ்த்துளை மட்டும் இருக்க வேண்டிய முகத்துல இல்லை.

நம்ம தொழில்ல இது ஒரு பக். பழைய வெர்ஷனை எடுத்துப் போட்டு, டீம்ல ஒரு சாரி சொன்னா முடிஞ்சுது. இங்கே பழைய வெர்ஷன் பரண்ல இல்லை. மூணு அங்குலத் தடிமன்ல அறுத்த கட்டை அந்த மரத்துல நாலே நாலுதான் இருந்துச்சு. ரெண்டைக் கெடுத்துட்டேன். மரவாடிக்குப் போனா பலாக்கட்டை கிடைக்கும், தாத்தா வச்ச மரம் கிடைக்குமா? அப்பா ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசாம பாதுகாத்தது என் கையில ஒரு மதியத்துல போச்சு.

அந்த நேரம் பார்த்து அப்பா டீ எடுத்துக்கிட்டு வந்தார். நான் தோள்ல கிடந்த துண்டை எடுத்து அந்த ரெண்டு கால் மேல போட்டேன். இருபத்தெட்டு வயசுல, மார்க் ஷீட்டை ஒளிச்சு வைக்கிற பையன் மாதிரி. அவர் டீயை வச்சுட்டு, துண்டைப் பார்த்துட்டு, "ஆசாரி வரட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ஆசாரி ஐயா வந்தார். துண்டை எடுத்துப் பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன்.

"மெஷின் வேகமா குடையும் தம்பி. தப்பையும் அதே வேகத்துல குடைஞ்சிடும். உளியா இருந்தா ரெண்டாவது துளையில கை வலிச்சு நிறுத்தியிருப்பீங்க. நிறுத்தினா பார்த்திருப்பீங்க."

அப்புறம் நாலு காலையும் பெஞ்சுல எப்படி நிக்குமோ அப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிறுத்தச் சொன்னார். பென்சிலை வாங்கி, நாலு தலையும் சேர்ற நடுப்புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டார். கை நடுங்கினதுல வட்டம் கொஞ்சம் கோணல்தான். பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொரு கால் தலையிலயும் கால்வட்டம். வளைவு இருக்கிற மூலைதான் உள்பக்கம், அந்த மூலையை ஒட்டின ரெண்டு முகத்துலதான் துளை வரும். நாலையும் திரும்பச் சேர்த்தா வட்டம் கூடணும், கூடலேன்னா ஏதோ ஒண்ணு இடம் மாறியிருக்கு. அப்புறம் சேர்ந்து நிக்கும்போதே எந்தத் துளை எந்த முகத்துலன்னு நாலுலயும் குறி போட்டுடணும், அளவுக் கோட்டை மூலைமட்டம் வச்சு ஒரே இழுப்பா இழுத்துடணும். நான் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா டேப் பிடிச்சு அளந்தேன். அவர் வேலை பூராவும் டேப்பைத் தொடவே இல்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்க கேட்கலையே" என்றார் :-(

கெட்டுப்போன துளைக்கு ஒட்டுப் போட்டோம். மிச்சம் விழுந்த துண்டுல ரேகை ஒத்துப் போற இடமாத் தேடி எடுத்தார். உருண்டை முனையை உளியால சதுரமாக்கினார். உளியைப் பிடிச்சா அவர் கை நடுங்கல, அதைக் கண்ணால பார்த்தேன். காலோட நார் எந்தப் பக்கம் ஓடுதோ அதே பக்கம் ஓடுற மாதிரி ஒரு கட்டை, உள்ளே போற முனை ஒரு மயிரிழை ஒடுக்கம். பசை தடவி, கொட்டாப்புளியால நாலு தட்டு. மேல நீட்டிக்கிட்டிருந்ததை இழைப்புளியால சீவினார். உடனே புதுத் துளை போடலாம்னு ரவுட்டரை எடுத்தேன். கையைப் பிடிச்சுட்டார். பழைய துளையும் புதுத் துளையும் காலுக்குள்ள கிட்டக்கிட்ட வருது, ஒட்டு முழுசா காயலேன்னா பிட் அதைப் பிடுங்கி எறியும், நாளைக்குப் போடுங்கன்னார்.

மறுநாள் போட்டேன். வட்டத்தைக் கூட்டிப் பார்த்துட்டு, முகத்துல பெருக்கல் குறி போட்டுட்டு, சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தள்ளி நின்னு பார்த்துட்டுப் போட்டேன்.

கடைசியா ஒவ்வொரு பொருத்துக்கும் மூங்கில் ஆணி. (தலைப்பைப் பார்த்து என் மேல கேஸ் போடாதீங்க, இரும்பாணி இல்லைன்னு அர்த்தம்.) இதுலயும் ஒரு சூட்சுமம். கால்ல போடுற ஓட்டையும் நாக்குல போடுற ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நாக்குல இருக்கிறது ஒன்றரை மில்லி சட்டத்துப் பக்கமாத் தள்ளி இருக்கணும். மூங்கில் உள்ளே இறங்கும்போது நாக்கை இழுத்து இறுக்கிடும். பசை நாளைக்கு விட்டாலும் அது விடாது.

பெஞ்சைத் திண்ணையில போட்டோம். எண்ணெய் தடவினதும் அந்த மஞ்சள் கொஞ்சம் ஆழமாச்சு. அப்பா உடனே உட்காரல. ஒரு கையால தூக்கிச் சாய்ச்சு அடியில பார்த்தார். நான் எங்கே பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேனோ சரியா அங்கேயே பார்த்தார். உள்பக்கமா, கீழே, சதுரமா தெரியுது அந்த ஒட்டு.

"இது எந்த மரம்?"

"நம்ம மரம்தாம்ப்பா. அதே பலகையில விழுந்த துண்டு."

"அப்பச் சரி" என்று சொல்லி, பெஞ்சை நிமிர்த்திப் போட்டு, தோள் துண்டால ஒரு தட்டுத் தட்டிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க தாத்தா இதை வச்சப்ப நான் மூணாப்பு. தண்ணி ஊத்துறது என் வேலை"ன்னு ஆரம்பிச்சார். இருட்டுற வரைக்கும் அந்த மரத்தைப் பத்தியே பேசினார். கஜாவுக்கு அப்புறம் அவர் அதைப் பேசி நான் கேட்கிறது அதுதான் முதல் தடவை. அம்மா விளக்குப் போட வந்தவங்க, நிலையில சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க.

டிஸ்கி: ரவுட்டரை ஊர்லயே வச்சுட்டு வந்துட்டேன். ஆசாரி ஐயா தினம் சாயங்காலம் வந்து சிரட்டை, வேப்பங்கட்டைன்னு எதையாவது குடைஞ்சு பார்க்கிறாராம். பிட்டு ரெண்டு வாங்கியாரச் சொல்லியிருக்கார். 12 மில்லியில ஒண்ணு, 6 மில்லியில ஒண்ணு.